இல்லாத பாட்டும் இயந்திரப் புலவரும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்கு ஒரு கட்டுரைப் பொருள் கொடுத்திருந்தேன். "புறநானூறு காட்டும் தாய்மை" என்பது பொருள். மாணவி ஒருத்தியின் கட்டுரை மிக நன்றாக அமைந்திருந்தது. முத்து முத்தான கையெழுத்து, பிழையில்லாத வசனங்கள், அளவான மேற்கோள்கள். மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. போருக்குச் சென்ற மகனை எண்ணித் தாயொருத்தி வாயிலில் நிற்பதாக எட்டடியில் ஒரு பாட்டு அங்கே இருந்தது. அதன் கீழே, "புறநானூறு, 267; பாடியவர் ஔவையார்" என்று குறிப்பும் இருந்தது.

புறநானூற்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்லுகின்றேன். புறநானூறு 400 பாட்டுக்களைக் கொண்ட தொகை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1894ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றினார். அந்த 400இல் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. நூலுக்குள்ள பழைய உரையும் 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகின்றது. உரை நிற்கும் இடமும் பாட்டு மறையும் இடமும் அடுத்தடுத்து இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு துயரம் உண்டாகும். வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. சிலவற்றில் பாடினோர் பெயர் இல்லை. ஐயரவர்களுக்குச் செய்யுள் இயற்றத் தெரியாதா? இரண்டு ஆசிரியப்பா எழுதி அந்த இடைவெளியை அடைப்பது அவர்களுக்கு ஒரு நாழிகை வேலை. அவர்கள் அடைக்கவில்லை. ஏட்டில் இல்லாதது புத்தகத்திலும் இல்லை.

மாணவியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இந்தப் பாட்டை எந்தப் பதிப்பிலே கண்டீர்?"

"புத்தகத்திலை இல்லை ஐயா. ஏஐயிட்டைக் கேட்டனான். அது தந்தது."

"அது எங்கே கண்டதாம்?"

அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அதைக் கேக்கேல்லை ஐயா" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் களவு செய்யவில்லை. எழுதியதற்கு எண் கொடுத்திருக்கின்றாள், பெயர் கொடுத்திருக்கின்றாள். மேற்கோளுக்கு இடம் காட்டவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கின்றாள். இடந்தான் இல்லாத இடம்.

அன்று மாலை வீட்டுக்குப் போய், என் மகனுடைய கைத்தொலைபேசியை வாங்கி நானே அந்தச் செயற்கை நுண்ணறிவைச் சோதித்தேன். "புறநானூற்று 267ஆம் பாட்டைத் தருக" என்றேன். தந்தது. மாணவிக்குத் தந்த பாட்டு அன்று, வேறொரு பாட்டு! திணை தும்பை என்றது, துறையும் சொன்னது. ஈற்றயலடி முச்சீராகக் குறையவில்லை. நிலைமண்டிலம் என்று சொல்லித் தப்பலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஐந்தாம் அடியிலே "தியாகம்" என்ற சொல் வந்து நின்றது. சங்கப் புலவர் வாயில் அந்தச் சொல் எப்படி நுழைந்ததோ, அந்த இயந்திரத்துக்கே வெளிச்சம்.

"இந்தப் பாட்டு மறைந்துபோனதல்லவா?" என்று கேட்டேன். "நீங்கள் சொல்வது மிகச் சரி, தவறுக்கு மன்னிக்கவும்" என்றது. சிறிது பொறுத்து, "இல்லை, அந்தப் பாட்டை நான் ஓர் ஏட்டிலே கண்டிருக்கின்றேன்" என்று வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டு, "ஆம், அந்தப் பாட்டு உண்டு" என்றது. இரண்டு விடைக்கும் குரல் ஒன்றே. அதே பணிவு, அதே தெளிவு. மறுநாள் பழைய மாணாக்கர் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்திடம் இதே வினாவை விடுத்துப் பார்த்தார். அது, 267உம் 268உம் கிடைக்கவில்லை என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டது. ஆகையால் எல்லா இயந்திரங்களும் எப்பொழுதும் பொய் சொல்லும் என்று நான் எழுதவில்லை. எது மெய், எது பொய் என்பது அதன் முகத்திலே தெரிவதில்லை என்றே எழுதுகின்றேன். மாணாக்கன் தெரியாமல் விடை சொல்லும்போது குரல் தாழும். கண் நிலத்தைப் பார்க்கும். முப்பது வருஷம் வகுப்பறையில் நின்ற எங்களுக்கு அந்தக் குறி போதும். இயந்திரத்துக்கு அந்தக் கண் இல்லை.

இது ஏன் இப்படி என்று அந்தப் பழைய மாணாக்கர் எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் கொழும்பிலே கணினித் துறையில் இருப்பவர். எண்ணிறந்த பக்கங்களை இயந்திரத்துக்கு ஊட்டுகின்றார்கள். எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வருதல் கூடும் என்பதை அது அவற்றிலிருந்து பழகிக்கொள்ளுகின்றது. வினா வந்ததும், பழகிய பழக்கத்தின்படி சொல்லின் பின் சொல்லாக விடையைத் தொடுக்கின்றது. "ஆடத் தெரியாதவள்" என்று நான் தொடங்கினால் வகுப்பு முழுவதும் "கூடம் கோணல்" என்று முடிக்கும் அல்லவா? அந்த வித்தையை எல்லாப் பொருளிலும் செய்கின்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் எழுதிய பொருளாயின், பழக்கம் சரியான இடத்துக்கே கொண்டுபோய் விடும். சந்திர கிரகணம் எப்படி உண்டாகின்றது என்று கேளுங்கள், அழகாகச் சொல்லும். அருமையாக எழுதப்பட்ட பொருளாயின், விடையின் உருவம் மாத்திரம் பழக்கத்தில் இருக்கும்; உள்ளீடு இராது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு பெயர் வரும். ஆண்டு வரவேண்டிய இடத்தில் ஓர் ஆண்டு வரும். வெற்றிடம் மாத்திரம் வராது.

சட்ஜிபிடி என்னும் இயந்திரம் 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி வெளிவந்தது. அதனைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனத்து ஆராய்ச்சியாளரே 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓர் ஆய்வுரை வெளியிட்டு, இந்தக் குறைக்கு ஒரு காரணம் காட்டினர். இயந்திரங்களைப் பயிற்றும் முறையும் மதிப்பிடும் முறையும், "தெரியாது" என்பதற்குப் பரிசு கொடுப்பதில்லை. ஊகித்துச் சொல்வதற்கே பரிசு கொடுக்கின்றன என்பது அவர்கள் வாதம். பரீட்சை மண்டபத்தில் மாணாக்கன் தெரியாத வினாவுக்கும் ஏதாவது எழுதிவைக்கின்றானே, அதையே அவர்களும் உவமையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிழைக்குப் புள்ளி குறையாத பரீட்சையில் வெறுந்தாள் கொடுப்பவன் மூடன் என்று நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றோம். இயந்திரம் நல்ல மாணாக்கன்தான்.

செய்தி கேட்பவர்கள் நிலையும் பார்க்கத்தக்கது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் சேர்ந்து 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் ஆய்வை வெளியிட்டன. 18 நாடுகளைச் சேர்ந்த 22 பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் பத்திரிகையாளர் 14 மொழிகளில் இயந்திரங்களிடம் செய்திபற்றிக் கேட்டு, 3,000க்கு மேற்பட்ட விடைகளைத் திருத்திப் பார்த்தனர். நூற்றுக்கு 45 விடைகளில் பாரதூரமான குறை ஒன்றேனும் இருந்தது. நூற்றுக்கு 31 விடைகளில் குறை இருந்த இடம் எது தெரியுமா? "எங்கே கண்டது" என்னும் இடம்: மூலம் காட்டாமை, பொருந்தாத மூலம் காட்டுதல் என்பன. என் மாணவி கேட்க மறந்த வினா அதுவே.

இனி, இந்த இயந்திரத்தின் சொல்லை எந்த அளவையில் வைப்பது? அளவை என்றால் பிரமாணம். ஒன்றை நாம் அறிந்தோம் என்று சொல்வதற்கு நம்மவர் எத்தனை வழி சொன்னார்கள் என்பதை மணிமேகலை படித்தவர் அறிவர். வஞ்சி மாநகரிலே சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் மணிமேகலை வினாவுகின்றாள். முதலிலே எதிர்ப்படும் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துச் சொல்லுகின்றான். காண்டல், கருதல், உவமம் என்று தொடங்கும் அந்த வரிசையில் ஆகமம் ஒன்று, ஐதிகம் ஒன்று. இரண்டும் பிறர் சொல்லக் கேட்டு அறிவனவே. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. ஆகமம் என்பது அறிவன் ஒருவன் நூலைக் கொண்டு அறிவது. அதற்கு ஒரு கர்த்தா உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லுபவனே ஆப்தன் என்று தருக்க நூல்களும் வரையறுக்கும். ஐதிகம் அப்படியன்று. "இந்த மரத்திலே பேய் இருக்கின்றது" என்று ஊர் சொல்லுகின்றது. நாமும் உண்டென்று தெளிகின்றோம். அளவைவாதி காட்டும் உதாரணமே இதுதான். சொன்னவர் யார்? எல்லோரும். கண்டவர் யார்? அது தெரியாது.

இயந்திரத்தின் வாய்மொழியை நம்மிற் பலர் ஆகமம் என்று எண்ணிக் கேட்கின்றோம். அது ஐதிகம். உலகம் எழுதியதெல்லாம் ஒன்றாகக் கலந்து, கர்த்தாவின் பெயர் கரைந்து, ஒரே குரலாய் வெளிவரும் மகா ஐதிகம். இப்படிச் சொல்வதனால் நான் அதனை இழிவுபடுத்துவதாகக் கொள்ளவேண்டாம். ஐதிகத்தையும் அளவைகளுள் ஒன்றாகத்தானே எண்ணினார்கள்? ஊர் சொல்லுகின்ற மரத்தடிக்கு இராத்திரியில் தனியே போகாமல் இருப்பது புத்திதான். ஆனால் ஊர் சொல்லை வைத்துப் பேயின் பெயரையும் பிறந்த ஆண்டையும் நினைவு மலரில் அச்சிடுவது புத்தியன்று. அதே அளவைவாதி போலி அளவைகள் என எட்டுக் குற்றங்களையும் சொல்லுகின்றான். அவற்றுள் ஒன்று "தேராது தெளிதல்." ஆராயாமல் நிச்சயித்துக்கொள்ளுதல். எட்டிலும் இதுவே எனக்குக் கிட்டிய உறவு. எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

"மனிதர் எழுதிய நூல்களில் மட்டும் பிழை இல்லையோ?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நாம் தலைமேல் வைத்துப் போற்றுகின்றோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையோடு 1885ஆம் ஆண்டில் அச்சேற்றிய பெருமகன் அவர். அந்தப் பதிப்பில் உரை முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையென்றே அவர் வெளியிட்டார். பின்பு இரா. இராகவையங்கார், மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் "செந்தமிழ்" இதழிலே, இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று காரணங்காட்டி நிறுவினார். பிள்ளையவர்கள் செய்தது பிழைதான். ஆயின் அந்தப் பிழைக்கு ஒரு முகவரி இருந்தது. பிள்ளையவர்கள் பெயர் இருந்தது, பதிப்பித்த ஆண்டு இருந்தது, உரை கண்ணெதிரே அச்சில் இருந்தது, ஏடுகளும் இருந்தன. அதனாலே மற்றொருவர் அந்த இடத்துக்குப் போய்த் திருத்த முடிந்தது. பிழையில்லாத நூலை நாம் நம்புவதாக நினைக்கின்றோம். உண்மையில் நாம் நம்புவது, பிழையைத் தேடிப் பிடிக்க இடங்கொடுக்கும் நூலை. என் மாணவிக்கு வந்த பாட்டு அடுத்த நாளே எனக்கு வேறு பாட்டாய் வந்தது. எந்த ஏட்டை எடுத்து எந்தப் பிரதியோடு நான் ஒப்பிடுவது?

நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டு நடந்ததும் இதுவே. விமான நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில், இயந்திரம் எடுத்துக்கொடுத்த முன்தீர்ப்புக்களை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தனர். அவற்றுள் ஆறு வழக்குகள் உலகத்தில் நடக்கவேயில்லை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். இதில் என் மனத்தைத் தைத்தது தண்டம் அன்று. வழக்கறிஞர் சந்தேகப்பட்டிருக்கின்றார்! "இந்த வழக்கு உண்மையானதா?" என்று கேட்டும் இருக்கின்றார். யாரிடம்? அதே இயந்திரத்திடம். "உண்மையானதே" என்று அது உறுதி சொல்லியிருக்கின்றது. சாட்சிக்காரன் மெய்யனா என்று சாட்சிக்காரனையே கேட்டது போலாயிற்று.

வழக்கறிஞரைக் கண்டு சிரித்தேன். மாணவிக்கு உபதேசம் செய்தேன். ஒரு மாதம் ஆகவில்லை, நானே விழுந்தேன்.

எங்கள் கல்லூரி நினைவு மலருக்கு, எங்களூர்ப் புலவர் ஒருவரைப்பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டினர். அவர் ஓர் அந்தாதி பாடினார் என்று என் ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அது எப்பொழுது அச்சாயிற்று என்பதும், எத்தனை பாட்டு என்பதும் தெரியவில்லை. மலர்க் குழுவினர் அவசரப்படுத்தினார்கள். இராத்திரி பத்து மணி. இயந்திரத்தைக் கேட்டேன். 1887ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று என்றது. ஓர் அச்சகத்தின் பெயர் சொன்னது. பாட்டு 100 என்றது. அந்தாதியாயின் நூறு என்பது மரபுதானே! அச்சுக்கலை நம்மிடையே தழைத்த காலமும் அதுதானே! எல்லாம் பொருந்தியது. நான் எதிர்பார்த்த விடையை நான் எதிர்பார்த்த தமிழில் அது சொல்லிற்று. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அச்சுப்படி வந்தது. புலவரின் படம் ஒன்று இருக்குமோ என்று கேட்பதற்காக, அவருடைய வழித்தோன்றல் வீட்டுக்கு அதையும் கொண்டுபோனேன். எழுபது கடந்த முதியவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்கை எடுத்தனீங்கள் ஐயா? அது அச்சிலை வரவேயில்லை. ஒரேயொரு கையெழுத்துப் பிரதிதான் இருந்தது. அப்பு அதை 1979ஆம் ஆண்டு நூல்நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தவர். வீட்டிலை இருந்தால் கறையான் தின்னும் எண்டு."

அதன்பின் இருவரும் பேசவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவில் எரியூட்டப்பட்டது. விடியும்போது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பர். அப்போது நான் பதினொரு வயதுச் சிறுவன். கருகிய கடதாசித் துண்டுகள் காற்றிலே வந்ததாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கின்றது. அந்தத் துண்டுகளுள் ஒன்று அந்த அந்தாதியாயிருக்கலாம். எரிந்துபோன ஏட்டுக்கு இயந்திரம் ஓர் அச்சகம் கட்டி, ஆண்டு குறித்து, நூறு பாட்டு என்று எண்ணியும் கொடுத்துவிட்டது. அதற்குப் பண்டிதர் ஒருவர் கையெழுத்தும் வைத்துவிட்டார்! மலர் வெளிவந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நாளைக்கு ஒருவர் என் கட்டுரையை மேற்கோள் காட்டுவார். அது இணையத்தில் ஏறும். அடுத்த இயந்திரம் அதனைப் படிக்கும். அப்பொழுது 1887 என்பதற்கு மூலம் காட்டச் சொன்னால், என் பெயரையே காட்டும்.

இங்கே நம் மொழியின் நிலையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். இணையத்தில் உள்ள எழுத்தில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றினும் மிகக் குறைவு. அந்தத் தமிழுக்குள் ஈழத்து நூல்களின் பங்கு இன்னும் சிறிது. மதுரைத் திட்டத்தினர் 1998 முதலாகப் பழைய நூல்களைத் தட்டெழுதி வைத்திருக்கின்றனர். நூலகம் நிறுவனத்தார் 2005 முதலாக ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கின்றனர். இவ்விரண்டிலும் நாம் நூலை நூலாகவே காணலாம், தலைப்புப் பக்கத்தைப் பார்க்கலாம், பதிப்பாண்டைப் படிக்கலாம். வீட்டில் இருந்தபடியே ஏடு பார்க்கும் பாக்கியம் நம் முன்னோருக்கு இருந்ததா? அதை விட்டுவிட்டு, அந்த ஏட்டைக் கண்டதோ காணாததோ தெரியாத ஒன்றிடம் போய்க் கேட்கின்றோம்.

இப்பொழுது என் வகுப்பில் இயந்திரத்துக்குத் தடை இல்லை. ஆங்கிலக் கட்டுரையொன்றைக் கொடுத்துச் சாரம் கேட்கட்டும். கட்டுரை கையில் இருப்பதனால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். நன்னூற் சூத்திரத்தைத் தாமே எழுதிக் கொடுத்து உதாரணம் கேட்கட்டும். பிழையான உதாரணம் வந்தால் சூத்திரமே காட்டிக்கொடுக்கும். எந்த நூலிலே தேடலாம் என்று வழியும் கேட்கட்டும். ஆனால் பெயர், ஆண்டு, எண், மேற்கோள் இந்நான்கும் கட்டுரையில் வருமானால், பக்கத்தைக் கண்ணால் கண்டு எழுதவேண்டும். காணாவிட்டால் "காணவில்லை" என்று எழுதவேண்டும். அப்படி எழுதிய இடத்துக்கு நான் புள்ளி குறைப்பதில்லை. ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கின்றேன். பரீட்சைத் திணைக்களம் இதனை ஏற்குமோ என்னவோ. வகுப்புப் பரீட்சையில் நான் ராசா.

மாணவி தன் கட்டுரையைத் திருத்தி எழுதிவந்தாள். 267 இருந்த இடத்தில் காவற்பெண்டு பாடிய 86ஆம் பாட்டு இருந்தது. பக்க எண்ணும் பதிப்பும் கீழே குறித்திருந்தாள்.

நினைவு மலரில் நான் அந்த வரியை வெட்டினேன். "இந்நூல் அச்சேறவில்லை. இருந்த ஒரு பிரதி 1981இல் எரிந்தது. பாட்டுத் தொகை தெரியவில்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகு முதியவரிடமிருந்து ஆள் வந்தது. அந்தாதியின் காப்புச் செய்யுளில் இரண்டடி தமக்கு நினைவு வருவதாகவும், நான் வந்தால் சொல்வதாகவும் செய்தி. அடுத்த சனிக்கிழமை போனேன். அந்த மாணவியும் அவள் தோழியும் தாங்களும் வரலாமோ என்று கேட்டு என்னுடன் வந்தார்கள்.

முதியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டடியையும் இரண்டுமுறை சொன்னார். மாணவி கொப்பியில் எழுதினாள். எழுதி முடிந்ததும் பேனாவை மூடவில்லை.

"இதை நீங்கள் ஆரிட்டைக் கேட்டனீங்கள் அப்பு?" என்றாள்.

"என்ரை அப்பாச்சியிட்டை. அவ புலவற்றை மகள்."

அதையும் எழுதிக்கொண்டாள்.